பூசணி பதில் சொல்லும்வரை

முகோ துறைமுகம்
1993 ஆகஸ்ட் 19

கேடட் பியோ சங்-ரோக்குக்கு,

நான் கியூ-வொனின் அக்கா, ஹே-வொன். சாவு வீட்டில் என்னைப் பார்த்திருப்பாய். என் தம்பியின் வகுப்புத் தோழன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ வாசலில், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்திலேயே நின்றாய். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. சூப்பு கொண்டுவந்து கொடுத்தோம், கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ஆறவிட்டாய். நீ அழவும் இல்லை. அதை நான் கவனித்தேன்.

நேற்று உங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து மேஜர் ஒருவர் வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசினார். மலைப் பயிற்சியில் இடி இடித்தால் வயர்லெஸ் ஆன்டெனாவை இறக்கிவிட்டு உச்சியை விட்டு இறங்க வேண்டுமாம். அப்படித்தான் என் தம்பிக்கும் சொல்லப்பட்டதாம். அவன் இறங்கவில்லை, மின்னல் தாக்கியது. "அதனால சொந்தக் கவனக்குறைவுன்னுதாம்மா அறிக்கையில வருது. எனக்கும் வருத்தம்தான்" என்றார். அம்மா அவருக்கு இன்னொரு கோப்பை பார்லித் தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவுதான்.

அவர் போனபிறகு அம்மா கேட்டாள்: "மத்தியானச் சோத்து நேரம்னு சொன்னாரே. சோத்து நேரத்துல வாடான்னு கூப்பிட்டா எம்புள்ள வராம இருப்பானா? யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்கடி."

எனக்கும் அதுதான் படுகிறது. அவனோடு கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியவன் நீ என்று மேஜர் சொன்னார். நீ கூரைக்குக் கீழே இருந்தாய், அவன் மேலே இருந்தான். ஒரே கேள்விதான். அவனை இறங்கி வரச் சொன்னாயா, இல்லையா?

தோ ஹே-வொன்

•

அதிகாரிப் பயிற்சிப் பள்ளி
1993 ஆகஸ்ட் 28

மரியாதைக்குரிய ஹே-வொன் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசலில் நின்றதற்கு மன்னிக்கவும். உள்ளே வந்தால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

என்ன நடந்தது என்று புரிய, எங்கள் வயர்லெஸ் வலை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கோடைப் பயிற்சியில் அதை அமைப்பதும் நடத்துவதும் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் பொறுப்பு. அதிகாரிகள் பார்ப்பார்கள், கை வைக்க மாட்டார்கள். வலைக்குத் தலைவனாக என்னைப் போட்டார்கள். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் தலைமை நிலையம். பள்ளத்தாக்கில் ஆங்காங்கே சிறு நிலையங்கள். நடுவில் ஒரு மலை. மலைக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கத்துக்குக் கேட்காது. அதனால் உச்சியில் ஒருவன் இருக்க வேண்டும். இங்கிருந்து கேட்டதை அங்கே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அங்கிருந்து வருவதை இங்கே. அந்த இடத்தை யாரும் விரும்புவதில்லை. பேட்டரியைச் சுமந்து ஏற வேண்டும், நாள் முழுதும் அடுத்தவன் பேச்சையே பேச வேண்டும். கியூ-வொன் தானாகக் கேட்டு வாங்கினான்.

நிலையங்களுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். வழக்கமாகப் புலி, கழுகு என்று வைப்போம். அவன், "பசிக்கிற நேரத்துல புலின்னா யாருக்குடா ஞாபகம் இருக்கும்? கிம்ச்சி ஊறுகாய்க்கு என்னென்ன போடுவோமோ அதையே வைங்க" என்றான். அப்படித்தான் தலைமை நிலையம் முட்டைக்கோசு ஆனது. மற்றவை முள்ளங்கி, பூண்டு, இஞ்சி, மிளகாய். மலைக்கு அந்தப் பக்கம், முதலாண்டு மாணவர்கள் இருந்த முகாம் பூசணி, அங்கே மட்டும் அவர்களிலேயே ஒருவன் வயர்லெஸ் பார்த்தான்.

"பூசணிய யாருடா கிம்ச்சில போடுவா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல போடுவாங்க. உங்க ஊர்ல நாக்கே கிடையாது" என்றான்.

உச்சிக்கு உப்பு என்று வைத்துக்கொண்டான். உப்பு இல்லாவிட்டால் எதுவும் ஒன்றாகச் சேராது என்பது அவன் வாதம்.

விதிகள் எளியவை. பேசுமுன் காதுகொடுத்துக் கேள். பொத்தானை அழுத்தியபின் ஒரு மூச்சு விட்டுப் பேசு. சொன்னதைத் திருப்பிச் சொல். பதில் வராதவரை செய்தி போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்.

அன்று காலையிலிருந்து மழை. ஆற்றின் மேல்பக்கம் இருந்த பூண்டு, வெள்ளம் மண் நிறமாகத் திரண்டு வருவதாகச் சொன்னது. பூசணி முகாம் ஆற்றங்கரைச் சரளையிலேயே இருந்தது. செய்தியை உப்புக்குக் கொடுத்தேன். அதற்குள் இடி நெருங்கிவிட்டது.

விசாரணை இன்னும் முடியவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

பியோ சங்-ரோக்

•

முகோ
1993 செப்டம்பர் 5

சங்-ரோக்,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ கிம்ச்சி செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பூசணி என்றதும், "நாம போடுவோம்தான்" என்றாள். பிறகு கொடியில் கணவாய்களைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். அவை ஏற்கனவே காய்ந்திருந்தன. அவன் போனதிலிருந்து அவள் இப்படித்தான் இருக்கிறாள். எதையாவது திருப்பிப் போடுகிறாள், மடித்ததை எடுத்து மறுபடி மடிக்கிறாள். அழச் சொன்னால், "அழுவோம், அழுவோம். வேலை கிடக்கு" என்கிறாள். நானும் அப்படித்தான் இருக்கிறேன். காலையில் படகு வருகிறது, கணவாயைக் கீறுகிறேன், கழுவுகிறேன், கட்டுகிறேன். எனக்குள்ளே யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது.

சாம்பல் பெட்டி அலமாரி மேலேயே இருக்கிறது. சொந்தக் கவனக்குறைவு என்றால் படைவீரர் மயானத்தில் இடம் கிடையாதாம். துறைமுகத்தில் எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரிந்துவிட்டது. ஐஸ் தொழிற்சாலைக்காரன் நேற்று அனுதாபமாகச் சொல்கிறான்: "சின்னப் பையன், வெளையாட்டுத்தனமா நின்னிருப்பான், பாவம்." கையில் கத்தி இருந்தது. கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அனுமதி கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

ஹே-வொன்

•

பயிற்சிப் பள்ளி
1993 செப்டம்பர் 16

ஹே-வொன் அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் அவனை இறங்கச் சொல்லவில்லை. பூசணியிடமிருந்து பதில் வரும்வரை மேலேயே இருக்கச் சொன்னேன். இன்று விசாரணையில் இதைச் சொன்னேன். முதலில் வேறுமாதிரி சொன்னது பயத்தினால் என்றும் சொன்னேன். மற்ற நிலையங்களில் இருந்தவர்களும் நான் அப்படிச் சொன்னதைக் கேட்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

அறிக்கையைத் திருத்துவார்கள். உத்தரவின்படி நின்று, கடமையில் இறந்தவன் என்று வரும். மயானத்தில் இடம் கொடுப்பார்கள்.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் எழுத வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

சங்-ரோக்

•

முகோ
1993 நவம்பர் 7

அவனைப் படைவீரர் மயானத்தில் வைத்துவிட்டு வந்தோம். வெள்ளைக் கல். வரிசையில் மற்றக் கற்களைப் போலவே இருக்கிறது. எக்காளம் ஊதினார்கள். மேஜர் இந்தமுறை தொப்பியை மார்பில் வைத்திருந்தார். உன்னைப் பள்ளியை விட்டு நீக்கி, சாதாரணச் சிப்பாயாக அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா கல்லைத் துடைத்துவிட்டுச் சொன்னது இது: "பொறந்ததுலேர்ந்து ஒரே ஒரு தடவ சொன்ன பேச்சக் கேட்டான். அதுலயே போயிட்டான்." வண்டியில் வரும்போதும் அதையே சொன்னாள். இப்போதும் கணவாய் கட்டும்போது சொல்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தப் பேச்சைச் சொன்ன வாய் உன்னுடையது. இனி எனக்கு எழுதாதே.

•

முகோ
1994 ஜனவரி 23

சங்-ரோக்,

உன் ஊருக்கு அனுப்புகிறேன். உன் வீட்டார் நீ இருக்கும் முகாமுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்புகிறேன்.

நேற்று ஒருவன் வந்தான். நா இன்-பியோ, முதலாண்டு மாணவன். பூசணி முகாமில் வயர்லெஸ் பார்த்தவன். ஒரு பெட்டி பேரிக்காயைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்ததும் அப்படியே தரையில் நெற்றி படக் குனிந்தான்.

"எழுந்திரு. பேரிக்காய் நசுங்குது" என்றேன்.

எழுந்தவன் பேசத் தொடங்கினான், நிறுத்தவில்லை. அன்று மதியம் மழைக்குக் கூடாரத்துக்குள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். முகாமுக்குப் பொறுப்பான கேப்டன், இந்த ஆறு இவ்வளவுதான் ஏறும் என்று சொல்லிக் கரையிலேயே இருக்க வைத்திருந்தாராம். மழைச் சத்தத்தில் வயர்லெஸ் கூப்பிடுவது கேட்கவில்லை. கடைசியில் இவன் காதில் விழுந்தபோது, கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தம்பிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்ததாம்.

இன்-பியோ அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினான். சொல்லச் சொல்ல அவன் உதடு வெளுத்துவிட்டது. "'டேய் பூசணி! செத்துட்டீங்களாடா? வெள்ளம் வருது, எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறுங்க! முட்டைக்கோசு என்னை எறங்கு எறங்குன்னு கத்திக்கிட்டே இருக்கான். நீ வாயத் தொறந்தாத்தான்டா நான் எறங்க முடியும்!' அப்படின்னாருக்கா. நான் திருப்பிச் சொன்னேன், 'பூசணி கேட்டுச்சு, மேல ஏறுறோம்'னு. 'நல்ல புள்ள'ன்னாரு. அப்புறம் ஒரே இரைச்சல்."

அவர்கள் சரிவில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கூடாரங்கள் மிதந்து போயினவாம். கேப்டன் விசாரணையில், செய்தி வருமுன்பே ஏறத் தொடங்கிவிட்டோம் என்றாராம். அப்படியானால் என் தம்பி மேலே நின்றதற்கு அவசியமே இல்லை. வெறும் கவனக்குறைவு.

"அப்ப சங்-ரோக் ஏன் மாத்திச் சொன்னான்?" என்று கேட்டேன்.

நீ எல்லோரையும் பேட்டரிக் கிடங்குக்குக் கூப்பிட்டாயாம். "நான் அவன இருன்னு சொன்னேன். நீங்க கேட்டீங்க" என்றாயாம். முதலில் முள்ளங்கி, "இருன்னு சொன்ன, கேட்டேன்" என்றானாம். பூண்டு சொன்னானாம். அப்படியே வரிசையாக எல்லோரும். வயர்லெஸ்ஸில் செய்தியைத் திருப்பிச் சொல்கிற மாதிரி. கடைசியாக இன்-பியோ, உப்பு தன்னிடம் அப்படிச் சொன்னதாக. "என்னால இத வச்சிக்கிட்டு இருக்க முடியலக்கா. உங்க தம்பிய வேற ஆளாக்கி உங்ககிட்ட குடுத்துட்டோம்னு இருக்கு" என்றான்.

உனக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது? எங்களுக்குப் பெரிய தானம் செய்ததாக நினைப்போ? இறங்கு என்றாய், அவன் மாட்டேன் என்றான். அதுதான் அவன். சாகும்போதும் அவனாகவே இருந்திருக்கிறான். அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் கல்லைக் கொடுத்தாய். அம்மா இத்தனை மாதமாக யாரோ ஒரு சொன்னபேச்சுக் கேட்ட பிள்ளைக்காகப் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

பதில் எழுது. எழுதாதே என்று நான் சொன்னதை விடு.

ஹே-வொன்

•

1994 பிப்ரவரி 4

ஹே-வொன் அக்காவுக்கு,

இப்போது சாதாரணச் சிப்பாயாக வடக்கே ஒரு சரக்குப் படையில் இருக்கிறேன். பனியில் வழுக்காமலிருக்க லாரிச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டுவது, பனி தள்ளுவது என் வேலை. என்னைவிட வயது குறைந்த சீனியர்கள், "என்னடா, பாதி அதிகாரி" என்று கூப்பிடுவார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்-பியோ சொன்னது உண்மை.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். தானம் இல்லை. முதல் அறிக்கையை எங்கள் முன்னால் படித்தார்கள். 'சொந்தக் கவனக்குறைவு' என்று படித்தவர் அடுத்த வரியில் நனைந்துபோன கூடாரத் துணிகளின் எண்ணிக்கையைப் படித்தார். குரல் மாறவே இல்லை. அப்போது எனக்கும் எதுவும் மாறவில்லை. கோபமோ துக்கமோ வரவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்ற கணக்கு மட்டும் தலையில் ஓடியது. அறுந்த ஆன்டெனாக் கம்பியைப் பார்த்தால் ஓடுமே, அது போல.

ஆனால் இன்-பியோவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் அவனை இறங்கச் சொன்னபோது பூசணியிடமிருந்து பதில் வரவில்லை என்று எனக்குத் தெரியும். "செய்தியக் காத்துல சொல்லிட்டு எறங்குடா, கேட்டா கேக்கட்டும்" என்றேன். அவன், "கேக்கலன்னா?" என்றான். நான் மறுபடி இறங்கு என்றேன். அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் அவன் உங்கள் வீட்டில் இருந்திருப்பான். கீழே இருந்தவர்கள் ஆற்றோடு போயிருப்பார்கள். நான் உண்மையில் கொடுத்த உத்தரவு அதுதான். விசாரணையில் நான் சொன்ன பொய், நான் கொடுத்திருக்க வேண்டிய உத்தரவு. சில நாள் அதையே நான் கொடுத்ததாக நினைவு வருகிறது. சில நாள் எதுவுமே நினைவு வருவதில்லை, பனி தள்ளுகிறேன்.

அவன் மேலேயே இருக்க வேண்டும் என்று விரும்பியிருந்தால் நான் நல்ல தலைவன். இறங்க வேண்டும் என்று விரும்பினேன், அவன் என் நண்பன் என்பதால். இரண்டில் எது தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீங்கள் பள்ளிக்கு எழுதினால் நான் உண்மையைச் சொல்கிறேன். கல்லை எடுத்துவிடலாம். முள்ளங்கி, பூண்டு எல்லோரையும் நீக்குவார்கள், அவர்களுக்கு இது கடைசி ஆண்டு. எழுதாவிட்டால் இப்படியே இருக்கும். எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

சங்-ரோக்

•

முகோ
1994 பிப்ரவரி 13

தம்பி,

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தினாள்.

"அப்ப எறங்குன்னு கூப்பிட்டிருக்கான்."

"கூப்பிட்டிருக்கான்மா."

"இவன் போகல."

"போகல."

"சோத்து நேரத்துல!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக் கை தூக்கினாள், கையெல்லாம் செதில், முகத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியே சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அழவில்லை. இன்னும் எனக்கு வரவில்லை. வரும்போது வரட்டும்.

பள்ளிக்கு எழுத மாட்டேன். ஒரு வார்த்தையைத் திருத்த இத்தனை பிள்ளைகளைத் தெருவில் நிறுத்த எனக்கு மனமில்லை. அந்தக் கேப்டன் நிம்மதியாகத் தூங்குவான் என்பது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதோடு வாழ வேண்டியதுதான். கல்லில் பெயரும் தேதியும்தான் இருக்கின்றன. அவற்றில் பொய் இல்லை.

ஆனால் அம்மா ஒன்று கேட்கிறாள். நீ விடுப்பில் வந்து அவளை மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே அவன் முன்னால், அன்றைக்கு நீ சொன்னதையும் அவன் சொன்னதையும் உன் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டும். என் வாயால் கேட்டது போதாதாம். "அவன் கூட்டாளி சொல்லட்டும், இவனும் கேக்கட்டும்" என்கிறாள்.

எது தப்பு என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியாது. கூப்பிட்டாயே, அது போதும் எனக்கு.

அக்கா

•

1994 மார்ச் 6

அக்காவுக்கு,

படகு வந்துவிட்டதால் நீங்கள் மயானத்துக்கு வர முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா கல்லின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு சொன்னேன். முதலில் அறிக்கை ஒப்பிப்பது போலத்தான் வந்தது. "அப்படியா பேசினீங்க? கூட்டாளிங்க அப்படியா பேசுவீங்க?" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், நாங்கள் பேசிய மாதிரியே. கெட்ட வார்த்தைகளையும் விடாமல் சொன்னேன். 'கேக்கலன்னா?' என்று அவன் கேட்ட இடத்தில் அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கல்லின் பக்கம் திரும்பினார்.

பிறகு அவனைத் திட்டத் தொடங்கினார். அடடா, என்ன திட்டு! "கூப்பிட்டா வரமாட்ட. கடல்ல குளிக்கப் போனா வரமாட்ட, பட்டம் விடப் போனா வரமாட்ட, பெத்தவ தொண்ட கிழியக் கத்தணும் உனக்கு. பெரிய மனுசன் ஆயிட்டியோ! ஊர் புள்ளைங்க எல்லாம் உன்னத்தான் நம்பி இருந்துச்சோ!" கடைசி வார்த்தை வந்ததும் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து திட்டினார். இரண்டு வரிசை தள்ளிப் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காவலாளி ஒருவர் வந்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரத் திட்டுறாங்க?"

"அவங்க மகன."

"என்ன பண்ணினான்?"

"சொன்ன பேச்சு கேக்கல."

அவர் தலையாட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அம்மா முடிக்கும்வரை சற்றுத் தள்ளி நின்றார். யாரையும் அந்தப் பக்கம் வரவிடவில்லை.

அம்மாவை முகோ பேருந்தில் ஏற்றிவிட்டு நான் வடக்கே போகும் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள், மடியில் பை நிறைய ஆரஞ்சு வைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எனக்கு உரிக்க வரவில்லை, தோலில் நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது. "சிப்பாய்க்கு இதுகூடத் தெரியலயா, கொண்டா" என்று வாங்கி, உரித்து, சுளை சுளையாகக் கையில் வைத்தார்.

சாப்பிட்டேன். புளிப்பாக இருந்தது, அக்கா. கண்ணில் தண்ணீர் வருகிற புளிப்பு. முகாம் வரும்வரை தண்ணீர் நிற்கவில்லை.

சங்-ரோக்